பட்டமும் வாளும் பங்காளிகளும்

ஞாயிறு, தஞ்சாவூர்

உழவன் எக்ஸ்பிரஸ் விடிகாலையில் இறக்கிவிட்டது. ஸ்டேஷன் வாசலில் டீ, அறையில் ஒரு குளியல், அப்புறம் நேராகப் பெரிய கோயில்.

இந்தத் தடவை ஊர் சுற்ற வந்ததற்குக் காரணம் ஒரு வாள். தஞ்சாவூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவே ஒரு கிராமத்தில் என் தோழியின் பிறந்த வீடு இருக்கிறது. அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஒரு வாளும், ‘ராயர்’ என்று முடியும் ஒரு பட்டமும் சேர்ந்தே வருகின்றன. பட்டம் ஆண்பிள்ளைகளுக்கு. வாளைத்தான் அவர்கள் தொடக்கூடாது. வீட்டு ஆண் யாராவது உறையிலிருந்து உருவினால் அந்த வருடம் முடிவதற்குள் வீட்டில் ஒரு சாவு விழும் என்பது சாபம். வருடத்துக்கு ஒரு நாள், ஆயுத பூசைக்கு மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வரும். ‘புதன்கிழமை பூசை, நீ முன்னாடியே வந்து சுத்து, செவ்வாய் ராத்திரி வீட்டுக்கு வந்துடு’ என்று தோழி சொல்லியிருந்தாள். பட்டம், வாள் என்று தேடினால் இந்தப் பக்கம் பார்க்க நிறைய இருக்கிறது. அதனால் பயணத்தையே அப்படி அமைத்துக்கொண்டேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் பழகாதவர்களுக்காக ஒரு விஷயம். இங்கே கள்ளர் குடும்பங்களில் வீட்டுக்கு வீடு பட்டம் உண்டு. மழவராயர், காடவராயர், வாண்டையார், சோழகர், சேதுராயர், பல்லவராயர் என்று நூற்றுக்கணக்கில். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் கட்டாயம் வரும். ஒரே பட்டக்காரர்கள் பங்காளிகள், அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். எப்படி வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ‘ராஜா கொடுத்தது’ என்றுதான் பதில் வரும்.

ராஜாக்கள் கொடுத்ததும் உண்மைதான். பெரிய கோயிலைச் சுற்றி ஓடும் திருச்சுற்று மாளிகையைக் கட்டியவர் ராஜராஜனின் சேனாபதி கிருஷ்ணன் ராமன். கல்வெட்டு அவரை மும்முடிச்சோழ பிரமமாராயன் என்கிறது. மும்முடிச்சோழன் என்பது ராஜராஜனுடைய பெயர்களில் ஒன்று. பிராமண அதிகாரி என்றால் பிரமமாராயன், வேளாளர் என்றால் மூவேந்தவேளான், முன்னால் பட்டம் கொடுத்த ராஜாவின் பெயர். ஆள் எந்த ராஜா காலத்தவர் என்பது பட்டத்தின் முன்பாதியிலேயே தெரிந்துவிடும். படைப்பிரிவுகளுக்கும் இதே கதைதான். பொன்னை அள்ளிக் கொடுத்தால் கருவூலம் குறையும், பெயரைக் கொடுத்தால் ஒன்றும் குறையாது. கெட்டிக்கார ராஜாக்கள்.

மத்தியானம் அரண்மனை. சரஸ்வதி மகால், கலைக்கூடம் எல்லாவற்றையும் வேகமாகப் பார்த்தேன். என் கண் ஆயுத கோபுரத்தின் மேலேயே இருந்தது. இங்கே ஆண்ட மராட்டியர்களின் கடைசி அரசர் இரண்டாம் சிவாஜி 1855-இல் இறந்தபோது ஆண் வாரிசு இல்லை. அதைச் சொல்லியே கம்பெனிக்காரர்கள் ராஜ பட்டத்தை ஒழித்தார்கள், அரண்மனைச் சொத்துக்கும் சீல் வைத்தார்கள். ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டு, சென்னையில் ஜெயித்து, 1859-இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றார். அரசு செய்த காரியத்தை நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று தீர்ப்பு. 1862-இல் சொந்தச் சொத்துகள் ராணிகளுக்குத் திரும்பி வந்தன, பட்டம் வரவில்லை. ஆயுதசாலையிலிருந்த வாள், கட்டாரி, வளரி எல்லாம் அந்த 1860-களிலேயே சென்னைக்குப் போயின. நல்லவை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தங்கின, ஒரு பகுதியைப் பழைய இரும்பு என்று உடைத்துப் போட்டார்கள். பட்டத்தை ஒழிக்க ஒரு கடிதம் போதும், வாள்களைத் தூக்க வண்டி கட்ட வேண்டியிருந்திருக்கும்.

சாயங்காலம் கீழவாசல் பக்கம் வடபத்ரகாளி கோயில். விஜயாலய சோழன் 850 வாக்கில் தஞ்சாவூரைப் பிடித்ததும் நிசும்பசூதனிக்குக் கோயில் எடுத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அந்தத் தேவி இவள்தான் என்று காட்டுகிறார்கள். நவராத்திரிக் கூட்டம். விஜயாலயன் மார்பில் 96 தழும்பு என்று பிற்காலத்தில் உலா பாடினார்கள். எண்ணியவர் யாரோ.

திங்கள், புள்ளமங்கை

கும்பகோணம் சாலையில் பசுபதிகோயிலில் இறங்கி உள்ளே நடந்தால் புள்ளமங்கை. குறுவை அறுவடை முடிகிற நேரம். சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்கிறது, மீதிப் பாதியில் பஸ்ஸும் நாமும்.

முதலாம் பராந்தகன் காலத்துக் கோயில். சிற்பத்துக்காக வருகிறவர்கள் நேராக வடபுறத்துத் துர்க்கையிடம் போவார்கள், நானும் போனேன். எருமைத் தலைமேல் நிற்கிறாள், மேலே குடை, ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் மான். பார்க்க வேண்டியது அவளுக்கு இருபுறமும் இருக்கிற வீரர்களை. ஒருவன் தன் உடம்பைக் கீறி ரத்தம் கொடுக்கிறான். இன்னொருவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு தன் கழுத்தையே அறுத்துக்கொள்ளப் போகிறான். முகத்தில் வலி எதுவும் இல்லை, அதுதான் என்னவோ செய்தது.

நவகண்டம், அரிகண்டம் என்று சொல்வது இதைத்தான். போரில் அரசன் ஜெயிக்க வேண்டும் என்று வீரன் கொற்றவைக்குத் தன் தலையைக் கொடுப்பது. அப்படிக் கொடுத்தவன் குடும்பத்துக்கு நிலம் கொடுத்ததாகக் கல்வெட்டுகள் உண்டு, ‘உதிரப்பட்டி’ என்று பெயர். அப்பாவின் தலைக்கு ஈடாக வந்த வயலில் மகன் எப்படி ஏர் ஓட்டியிருப்பான் என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸுக்கு நின்றேன். ஓட்டித்தான் இருப்பான். வயிறு இருக்கிறதே.

செவ்வாய், திருப்புறம்பியம்

கும்பகோணத்தில் வழக்கமான டிகிரி காபி, அப்புறம் இன்னம்பூர் வழியாகத் திருப்புறம்பியம். மண்ணியாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். பக்தர்களுக்கு இது சாட்சிநாதர் ஊர், பிள்ளையார் சதுர்த்திக்கு விடிய விடிய தேன் அபிஷேகம் செய்துகொள்ளும் பிரளயம் காத்த விநாயகர் ஊர். சரித்திரக்காரர்களுக்கு இது தமிழ்நாட்டின் தலையெழுத்தை மாற்றிய போர்க்களம்.

880-களில் நடந்த சண்டை. ஒரு பக்கம் பாண்டியன் வரகுணன். எதிர்ப்பக்கம் பல்லவன் அபராஜிதன், அவனோடு கங்க அரசன் முதலாம் பிருதிவீபதி, கூடவே சோழன் ஆதித்தன். பாண்டியன் தோற்றான். பல்லவன் ஜெயித்தான் என்று பெயர். ஆனால் கொஞ்ச வருடத்தில் ஆதித்தன் அந்தப் பல்லவனையே கவிழ்த்துவிட்டுத் தொண்டை மண்டலத்தை எடுத்துக்கொண்டான். கூட்டணி தர்மம் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

என்னை இங்கே இழுத்து வந்தது கங்க அரசன். உதயேந்திரம் செப்பேடு அவன் சாவைச் சொல்லும் விதம் அலாதி. அபராஜிதன் என்றால் தோல்வியே காணாதவன். தன் நண்பனுடைய அந்தப் பட்டத்தைத் தன் உயிரைக் கொடுத்துப் பொருளுள்ளதாக்கிவிட்டு பிருதிவீபதி சொர்க்கம் போனான் என்கிறது செப்பேடு. யோசித்துப் பாருங்கள். பட்டம் ஒருவனுக்கு, அதைக் காப்பாற்றச் செத்தவன் இன்னொருவன். பட்டத்துக்கு உரியவனோ சீக்கிரத்தில் ஆதித்தனிடம் தோற்றே போனான்.

இந்தச் செப்பேட்டை வெளியிட்டது பிருதிவீபதியின் பேரன், இரண்டாம் பிருதிவீபதி. அவன் ஆதித்தனின் மகன் முதலாம் பராந்தகனுக்காக வாணர்களோடு சண்டை போட்டு ‘செம்பியன் மாவலிவாணராயன்’ என்று பட்டம் வாங்கினான். செம்பியன் என்றால் சோழன். தாத்தா பல்லவனின் பட்டத்துக்காகச் செத்தார், பேரன் சோழன் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டான். அதுவும் தோற்ற வாணர்களின் குலப்பெயரையே எடுத்து ஜெயித்தவனுக்குப் பட்டமாகக் கொடுத்திருக்கிறார்கள். ‘ராயர்’ என்று முடிகிற பட்டத்தைக் கேட்கும்போதெல்லாம் இனிமேல் எனக்கு இது நினைவுக்கு வரும்.

போர் நடந்த இடம் எது என்று டீக்கடையில் விசாரித்தேன். நாலு பேர் நாலு திசையைக் காட்டினார்கள். ‘எங்க தோண்டினாலும் எலும்புதாம்மா’ என்றார் கடைக்காரர், டீ ஆற்றுவதை நிறுத்தாமலே.

ராத்திரி தோழியின் ஊர். அவள் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். தோசையும் கருவாட்டுக் குழம்பும். நாளைக்குப் பூசை, அதனால் இன்றைக்கே கவிச்சியை முடித்துவிட வேண்டுமாம்.

புதன், ஆயுத பூசை

காலையிலிருந்து வீடு தண்ணீரில் மிதக்கிறது. டிராக்டரைக் கழுவுகிறார்கள், மோட்டார் பைக்கைக் கழுவுகிறார்கள், மருந்தடிக்கிற ஸ்பிரேயரைக் கழுவுகிறார்கள். மண்வெட்டி, கருக்கரிவாள், பாரை, அளவுப் படி எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு கூடத்தில் வரிசை. சாமி அறையில் சரஸ்வதிக்கு முன்னால் பிள்ளைகளின் புத்தகம், கூடவே ஒரு லேப்டாப். பொரி, அவல், கடலை, சுண்டல்.

வாள் பரணில் இருக்கிறது. தோழியின் சித்தப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார், ஏறியது அவள் அம்மா. மரப்பெட்டி, உள்ளே சிவப்புப் பட்டுத்துணி, அதற்குள் தோல் உறை. உறை பாதி உளுத்துப் போயிருக்கிறது. அதை அப்படியே அப்பாயி மடியில் வைத்தார்கள். அப்பாயி என்றால் தோழியின் அப்பாவைப் பெற்றவர், எண்பதைத் தாண்டியவர். முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஆண்கள் எல்லாரும், ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரன் உட்பட, திண்ணைக்குப் போய்விட்டார்கள். யாரும் சொல்லவில்லை, தானாகவே எழுந்து போனார்கள்.

அப்பாயி சர்வசாதாரணமாக வாளை உருவினார்.

நான் என்ன எதிர்பார்த்தேனோ தெரியாது. நேரான வாள். ஏறக்குறைய என் கை நீளத்துக்கு மேல் ஒரு சாண். இரண்டு பக்கமும் கூர், நடுவில் நெடுக ஓடும் இரண்டு பள்ளக் கோடுகள். கைப்பிடி இந்த ஊர் வேலை: விரல்களை மூடும் வளைவு, தட்டுபோல ஒரு குமிழ், அதன் உச்சியில் சின்ன முனை. பிடிக்குள் என் கை போகவே சிரமப்பட்டது. அலகில் அங்கங்கே கறுப்புப் புள்ளிகள். மற்றபடி துருவே இல்லை.

‘புளி போட்டுத் தேய்ப்பீங்களா அப்பாயி?’

‘புளி போட்டா அரிச்சிடும் ஆயி. வெளக்கெண்ணெய் மட்டும்தான். பழைய வேட்டித் துணி. இந்த வீட்டுக்கு வந்த வருசம் என் மாமியா கையில குடுத்தாங்க. அன்னையிலேருந்து நான்தான்.’

‘பயமா இல்லையா?’

‘எனக்கென்ன பயம்? சாபம் அவங்க ரத்தத்துக்கு. நான் வேற ரத்தம்.’

இதுதான் இந்த வீட்டின் ஏற்பாடு. வாளைப் பராமரிப்பது மருமகள்கள். பட்டம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது, வாள் மாமியாரிடமிருந்து மருமகளுக்குப் போகிறது. அடுத்தது தோழியின் அம்மா. அவருக்கு அப்புறம் யார் என்பதில் ஒரு சிக்கல் உண்டு, பிறகு வருகிறேன்.

சாபத்தின் கதையை அப்பாயி எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார். சோழ ராஜா காலத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர். சண்டைக்குப் போனது இரண்டு பேரும், பேர் வாங்கியது தம்பி. ராஜா அவனைக் கூப்பிட்டுப் பட்டமும் வாளும் கொடுத்தார். ஊர்த் திருவிழாவில் முதல் பரிவட்டம் தம்பிக்கு. அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. களத்துமேட்டில் தூங்கிக்கொண்டிருந்த தம்பியை அவன் வாளாலேயே வெட்டினான். தம்பி பெண்டாட்டி நிறைமாதம். வாளை எடுத்து வந்து வாசலில் போட்டு, ‘இனிமே இத உருவுற ஆம்பள வீட்டுல வெளக்கு எரியாது’ என்று மண்ணை வாரித் தூற்றினாள். பிறந்தது ஆண்பிள்ளை. அந்தப் பிள்ளையின் வம்சம்தான் இவர்கள். அண்ணன் வம்சம் பக்கத்துத் தெருவில் இருக்கிறது, அதே பட்டத்தோடு.

‘அவங்களும் இதே கதையத்தான் சொல்லுவாங்க’ என்று தோழி காதில் சொன்னாள். ‘அவங்க கதையில செத்தது அவங்க ஆளு.’

சரி, வாளுக்கு வருவோம். அப்பாயி அலகின் அடிப்பக்கத்தைக் காட்டினார். கைப்பிடிக்கு மேலே நாலு விரற்கடையில் ஒரு கோட்டுருவம், பாதி தேய்ந்தது. நாலு கால், நீண்ட உடம்பு, வால். ‘புலி. சோழங்கொடி’ என்றார். எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். கோடுகள் ஒற்றைக் கீறலாக, அவசரத்தில் வெட்டியதுபோல இருந்தன. எனக்குப் புலியாகத் தெரியவில்லை. ஜெர்மனியில் பாசாவ், அப்புறம் சோலிங்கன் ஊர்க் கொல்லர்கள் தங்கள் வாள்களில் ஓடும் ஓநாயை முத்திரையாக வெட்டுவார்கள். அந்த அலகுகள் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தன. இங்கே உள்ளூர்க் கைப்பிடி மாட்டிக்கொண்டார்கள். பறங்கிகளிடமிருந்து வந்ததால் ‘பிரங்கி’ என்று பெயர், மராட்டியர்களுக்கு ரொம்பப் பிடித்த வாள். அலகு வளையாமல் நேராக இருப்பதும், அந்தப் பள்ளக் கோடுகளும் அதோடு பொருந்துகின்றன. டெல்டாவுக்கு இது வந்து சேர வழியா இல்லை? நாகப்பட்டினத்தில் போர்ச்சுகீசியர், 1658-க்குப் பிறகு டச்சுக்காரர், தரங்கம்பாடியில் 1620-லிருந்து டேனிஷ்காரர். ஒருநாள் வண்டிப் பயணத் தொலைவில் மூன்று வகைப் பறங்கிகள்.

என் கணிப்பில் இது சோழ ராஜா கொடுத்த வாள் இல்லை. அதற்கு நானூறு, ஐந்நூறு வருடம் பிந்தியது. நாயக்கரோ மராட்டியரோ கொடுத்திருக்கலாம். யாரும் கொடுக்காமல் விலைக்கும் வாங்கியிருக்கலாம். தோழியிடம் மட்டும் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ‘ஓநாயா? அப்பாயிட்ட சொல்லிடாத, சாபம் உனக்கு வந்துரும்.’

1878-இல் வெள்ளைக்காரர்கள் ஆயுதச் சட்டம் போட்டபோது இந்த வாளை நெல் குதிருக்குள் இறக்கி, மேலே நெல்லைக் கொட்டி வைத்தார்களாம். அது ஆண்கள் செய்ததா பெண்கள் செய்ததா என்று கேட்டேன். ‘ஆம்பளைங்களுக்கு குதிருல எவ்வளவு நெல்லு கெடக்குன்னு என்னைக்குத் தெரிஞ்சிருக்கு?’ என்றார் அப்பாயி.

உண்மையில் யாராவது உருவிச் செத்திருக்கிறார்களா? ஒரு கதை சொல்கிறார்கள், தோழியின் தாத்தாவுக்குப் பெரியப்பா. சிலம்பம் சுற்றுகிறவர், முரடர். கூத்தில் வேஷம் கட்ட வாளை உருவி எடுத்துப் போனார், அந்த மழைக்காலத்தில் காலராவில் இரண்டு பிள்ளைகள் போயின. அந்தக் காலத்து டெல்டாவில் எந்த மழைக்காலத்தில் காலரா வராமல் இருந்தது என்று எனக்கு வாய்வரை வந்தது, கேட்கவில்லை. இந்தச் சாபம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. இரண்டு தெருவிலும் பட்டத்துக்காகவும் பரிவட்டத்துக்காகவும் அடிதடி வராத தலைமுறை இல்லை. மண்டை உடைந்திருக்கிறது, கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள், நாற்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்திருக்கிறார்கள். ஆனால் எந்தச் சண்டையிலும் இந்த வாள் வெளியே வந்ததில்லை. அந்தக் கர்ப்பிணி நிஜமாகவே இருந்தாள் என்றால், அவள் கோபத்தில் பேசியதாக நான் நம்ப மாட்டேன்.

சாயங்காலம் பூசணிக்காய் உடைத்தார்கள். வாள் மறுபடி பரணுக்குப் போயிற்று.

வியாழன், ஏனநல்லூர்

கும்பகோணத்துக்குத் தென்கிழக்கே, அரிசிலாற்றை ஒட்டிய ஊர். பெரிய புராணத்தில் எயினனூர் என்று வருவது இதுதான் என்கிறார்கள். ஏனாதிநாத நாயனாரின் ஊர். அவருக்குக் குருபூசை புரட்டாசி உத்திராடம், அது இந்த வருடம் ஆயுத பூசையை ஒட்டியே வந்துவிட்டது. நான் போனபோது மாலை வாடியிருந்தது. குருக்கள் மட்டும் இருந்தார்.

ஏனாதி என்பது முதலில் ஒரு பட்டம். படைத்தலைவனுக்கு அரசன் கொடுப்பது, கூட ஒரு மோதிரமும் உண்டு, ஏனாதி மோதிரம் என்று. ஏனாதி திருக்கிள்ளி என்று ஒருவனைப் புறநானூறு பாடுகிறது. உன் எதிரிகள் புறமுதுகு காட்டி ஓடுவதால் உடம்பில் காயமில்லாமல் அழகாக இருக்கிறார்கள், நீயோ எதிர்நின்று வெட்டுப்பட்டு, பார்க்கச் சகிக்காமலும் கேட்க இனிமையாகவும் இருக்கிறாய் என்கிறார் புலவர். பட்டம் வாங்கியவனுக்கு இதைவிட நேர்மையான பாராட்டு இருக்க முடியாது.

நாயனார் கதைக்கு வருகிறேன். அவர் தொழில் அரச குமாரர்களுக்கு வாள் வித்தை கற்றுக்கொடுப்பது. அது அவருக்குப் பரம்பரையாக வந்த உரிமை. வருகிற வருமானமெல்லாம் சிவனடியார்களுக்கு. அவருக்குப் பங்காளியான அதிசூரனும் வாள் கற்றுக்கொடுத்தான், ஆனால் பிள்ளைகள் நாயனாரிடமே போனார்கள். ‘கற்றுக்கொடுக்கும் உரிமை யாருக்கு, சண்டை போட்டு முடிவு செய்வோம்’ என்று ஆட்களோடு வந்தான், தோற்று ஓடினான். அப்புறம் தந்திரம். ‘ஆட்கள் வேண்டாம், விடியற்காலையில் நாம் இருவர் மட்டும்’ என்று சொல்லியனுப்பி, நெற்றியில் திருநீறு பூசி, அதைக் கேடயத்தால் மறைத்துக்கொண்டு வந்தான். வெட்டுகிற தூரத்துக்கு வந்ததும் கேடயத்தை விலக்கினான். திருநீற்றைப் பார்த்த நாயனாருக்குக் கை ஓடவில்லை.

இதுவரை எல்லாருக்கும் தெரியும். அடுத்து வருவதுதான் எனக்கு முக்கியம். வாளைக் கீழே போட்டுவிடலாமா என்று நினைத்தவர், போடாமல் நிறுத்திக்கொண்டார். நிராயுதபாணியைக் கொன்ற பழி அதிசூரனுக்கு வந்துவிடக் கூடாதே! அதனால் சண்டை போடுகிறவர்போலவே வாளையும் கேடயத்தையும் பிடித்துக்கொண்டு நின்றார், வெட்டுப்பட்டார். கொல்ல வந்த பங்காளியின் பெயரைக் காப்பாற்றுவதற்காக வாளை ஏந்திய ஒரே ஆள் இவராகத்தான் இருப்பார். சுந்தரர் ‘ஏனாதிநாதன்’ என்று சும்மாவா பாடினார்.

குருக்களிடம் தோழி வீட்டுக் கதையைச் சொன்னேன். ‘எல்லா ஊர்லயும் அதுதாம்மா’ என்றார். ‘வாள் வெளியாளை வெட்டினா பரணி பாடுவா. பங்காளிய வெட்டினா சாபம்.’

வெள்ளி, காட்டுமன்னார்கோவில்

கும்பகோணத்திலிருந்து அணைக்கரை. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை மேல் பஸ் ஊர்ந்து போகிறது, தண்ணீர் கரைகொள்ளாமல் இருக்கிறது. இங்கிருந்து வடவாற்றில் பிரிந்துதான் வீராணத்துக்கும் பிறகு சென்னைக் குழாய்க்கும் போகிறது. வீராணம் என்பது வீரநாராயணன் ஏரி. வீரநாராயணன் முதலாம் பராந்தகனின் பட்டப்பெயர். பல்லைத் தேய்க்கும்போது சென்னைக்காரர்கள் நினைத்துக்கொள்ளலாம்.

வந்தது உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டைப் பார்க்க. அதற்குமுன் ஒரு பட்டத்தின் கதை. பத்தாம் நூற்றாண்டில் பாண்டியன் வீரபாண்டியன் தன்னை ‘சோழன் தலைகொண்ட’ வீரபாண்டியன் என்று சொல்லிக்கொண்டான். எந்தச் சோழன் தலை என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அப்புறம் சுந்தர சோழனின் மகன் ஆதித்த கரிகாலன் இவனைக் கொன்றான். ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்ற பட்டம் இப்போது அவனுக்கு. பாண்டியன் தலையைக் கொண்டுவந்து தன் ஊரில் வெற்றித்தூணாக நிறுத்தினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு பெருமைப்படுகிறது. கொஞ்ச வருடத்தில், பட்டத்து இளவரசனாக இருக்கும்போதே ஆதித்தன் கொலையானான். தலை கொண்டவன் தலை போகும் என்பது விதி மாதிரியே நடந்திருக்கிறது. இதற்கு மேல் ஒரு சாபத்தை எந்தக் கிழவி கொடுக்க முடியும்?

யார் கொன்றது? ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டிய இந்தக் கல்வெட்டு பெயர் சொல்கிறது. ‘பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான’ சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன். பாருங்கள், கொலைகாரர்களுக்கும் பட்டம். இருமுடிச்சோழன் என்பது சோழன் பெயர். சோழன் பெயரைப் பட்டமாகச் சூட்டிக்கொண்டவன் சோழனைக் கொன்றிருக்கிறான். ஏவியது யார் என்ற கேள்வியில் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி, அடுத்து அரியணை ஏறிய உத்தம சோழன்மேல் சந்தேகப்பட்டார், வேறு பலர் மறுத்தார்கள். உத்தமன் ஆதித்தனுக்குச் சிற்றப்பா முறை. பங்காளி!

எழுத்துகள் சில இடத்தில் சுண்ணாம்பு படிந்து கிடக்கின்றன. அச்சிட்ட பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகத் தேடினேன். துரோகிகளின் நிலம் பறிமுதல். அவர்களுடையது மட்டுமா? தம்பிமார், மக்கள், பேரப்பன்மார், பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு உடன்பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள், மகள்களைக் கட்டியவர்கள் என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கிறது. எங்கேயோ ஒரு அத்தை மகளைக் கட்டிக்கொண்டு வயலும் மாடுமாக இருந்தவனுக்கு ஒருநாள் ஓலை வந்திருக்கும். அவர்கள் நிலத்தை விலைக்கு வாங்கிக் கோயில் தர்மத்துக்கு எழுதிவைத்தவருக்கும் ஒரு பட்டம் இருந்தது, பல்லவரையன்.

கல்வெட்டின் முன்னால் நிற்கும்போதே தோழி போன் செய்தாள். வீட்டில் பஞ்சாயத்தாம். நான் பிறகு வருகிறேன் என்றேனே, அந்தச் சிக்கல். அவள் அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறான், கல்யாணம் ஆகவில்லை. அதனால் அம்மாவுக்குப் பிறகு வாள் தன் வீட்டு மருமகளுக்குத்தான் வரவேண்டும் என்று சித்தப்பா கேட்கிறார். சித்தி வேண்டவே வேண்டாம் என்கிறார். பேசாமல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று தோழி சொன்னதற்கு, ‘குடுத்துட்டா நாளைக்குப் பரிவட்டத்துக்கு என்னத்தக் காட்டுவே?’ என்று சித்தப்பா கத்தினாராம். பக்கத்துத் தெருப் பங்காளிகள் வாங்கிக்கொள்ளத் தயார் என்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

‘அப்பாயி என்ன சொல்றாங்க?’

‘அடுத்த வருசமும் நான் இருப்பேன், எல்லாரும் வேலையப் பாருங்கங்கிறாங்க.’

வாளின் படத்தைப் போட வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டார்கள், அதனால் போடவில்லை. புள்ளமங்கைத் துர்க்கை, புறம்பியத்துக் கோபுரம், உடையார்குடிக் கல்வெட்டு படங்களை நாளை ஏற்றுகிறேன். இப்போது சிதம்பரம் பஸ் வந்துவிட்டது.